சொட்டும் பந்தல்

கறி வைத்துச் சுடும் சோம்சாவுக்குப் பிசைந்து வைத்திருந்த மாவைக் கிள்ளி, திராட்சைக் கொடியின் வெட்டுவாய்களில் ஒவ்வொன்றாக அப்பிக்கொண்டிருந்தாள் சும்ராத். அப்பிய மாவு சிறிது நேரம் நின்றது. பின்னர் ஊறி, வழுக்கி, நீரோடு முற்றத்தில் விழுந்தது.

குளிர் கடுமையான மர்கிலானில் திராட்சைக் கொடியை உறைபனிக்கு முன்னரே கவாத்து செய்து, பந்தலிலிருந்து இறக்கி, மண்ணுக்குள் புதைத்துவிடுவர். ஆண்டுதோறும் அவ்வேலையைச் செய்துவந்தவன் அவளுடைய கணவன் எல்முரோத். சென்ற இலையுதிர் காலத்தில் ருஷ்யாவில் கட்டட வேலை கிடைத்து அவசரமாகப் புறப்பட்டான். "பழம் பழுக்கறதுக்குள்ள வந்துடுவேன், கொடியப் பாத்துக்க" என்பதே வாசலில் அவன் சொல்லிச் சென்றது. மாமியாரும் மருமகளும் வெட்டாத கொடியை அப்படியே புதைத்தனர். வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸ் கழிந்து தோண்டியெடுத்துப் பந்தலில் கட்டியபோது, ஒரு மொட்டுகூடக் கண் திறந்திருக்கவில்லை. நகரத்து அடுக்குமாடியில் வளர்ந்த சும்ராத், கொடி இன்னும் உறங்குவதாகவே நம்பினாள். மாமியார் சந்தைக்குப் போயிருந்த வேளையில் கணவனின் கத்தரியை எடுத்து, அவன் வெட்டும் விதத்தை நினைவுகூர்ந்து வெட்டினாள். ஏணியிலிருந்து இறங்கி நிமிர்ந்தபோது வெட்டிய இடங்களிலிருந்தெல்லாம் நீர் வடிந்து பந்தல் முழுவதும் சொட்டிக்கொண்டிருந்தது.

சந்தையிலிருந்து திரும்பிய மாமியார் ஹோசியத் பையைக் கீழே வைக்காமலே நின்று பார்த்தாள்.

"மாவா அப்பறே? அப்படியே கறியயும் வெச்சு மூடு. தந்தூர்ல போட்டுடலாம்."

"செத்துடுமா, அத்தை?"

"கொடியில தண்ணி ஏறினப்புறம் யாராவது கத்தரி வைப்பாங்களாடி? சாகுமோ, பொழைக்குமோ. இந்த வருஷம் காய்க்கறது சந்தேகந்தான். துளிர் விட்டா சொட்டறது தானா நிக்கும். அதுவரைக்கும் நீயும் ஒண்ணும் பண்ண முடியாது, நானும் ஒண்ணும் பண்ண முடியாது."

பழத்திற்கும் அவன் வருகைக்கும் தொடர்பில்லை என்பதைச் சும்ராத் அறியாதவள் அல்லள். ஆயினும் திரும்பி வருவதற்கு அவன் குறித்துக் கொடுத்த காலம் அது ஒன்றே. அதுவும் இல்லையெனில், எதை எதிர்நோக்கிக் காத்திருப்பது என்பது அவளுக்கு விளங்கவில்லை.

அந்நேரம் பார்த்துக் கைபேசி ஒலித்தது. தலைக்கவசத்துடன் திரையில் தோன்றிய எல்முரோத், "கொடியக் காட்டு" என்றான். அவள் திருப்பிக் காட்டினாள்.

"என்ன, அங்க மழையா?"

முற்றத்து வெயிலில் கண் கூசியது. சும்ராத் வாய் திறப்பதற்குள், "ஆமாடா, காலைலேருந்து விடல" என்றாள் ஹோசியத்.

"நல்லதுதான், வேருக்கு எறங்கும். சும்ராத், பழுத்ததும் படம் எடுத்து அனுப்பு. இங்க பசங்ககிட்டக் காட்டணும்."

யாரோ அழைக்க, அவன் போய்விட்டான். வந்து பார்க்கிறேன் என்று அவன் சொல்லவில்லை. அதை இருவருமே கவனித்திருந்தனர்.

ஹோசியத் பந்தலின் நடுவே, சொட்டுகள் மிகுதியாக விழும் இடத்திலேயே அமர்ந்தாள். அவளுடைய தலைத்துணியில் ஈரம் புள்ளி புள்ளியாகப் பரவியது. அவள் நகரவில்லை.