கடைசி லீவுச் சீட்டு

தலையணைக் கம்பெனியில் காலை நேரம் எப்போதும் அரைத்தூக்கம்தான். ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி மேலே போகிறதா கீழே வருகிறதா என்று தெரியாமல் மிதக்கும். மிஷின்களை ஓடவிடுமுன் முதலாளி கண்ணை மூடிப் பிரார்த்தனை சொல்வார். பிறகு பையிலிருந்து லீவுச் சீட்டுகளை எடுத்து, எல்லார் முன்னாலும் உரக்கப் படித்துக் கையெழுத்துப் போடுவார். கேட்டவருக்கு ஓய்வு மறுப்பது பாவம் என்பது அவர் கட்சி.

ஏழாம் நாள் கம்பெனிக்குப் பூட்டு. யார் தலைகீழாக நின்றாலும் திறக்க மாட்டார். கடவுளே ஒரு நாள் ஓய்ந்திருந்தார், நாம் என்ன அவரைவிடப் பெரிய ஆளா என்பார். அதில் பக்தி பாதி, தலைக்கனம் பாதி.

அன்று கடைசிச் சீட்டில் பெயர் இல்லை. ஓய்வு நாளன்று ஓய்வு வேண்டும், இருபத்திரண்டு வருஷமாக ஒன்றுகூட எடுக்கவில்லை என்றிருந்தது. முதலாளிக்கு முகம் சிவந்தது. சூப்பர்வைசரை முறைத்தார். பாவம், அந்த மனுஷர் வேலைக்குச் சேர்ந்தே நாலு மாதம்தான்.

"இந்த அநியாயத்தப் பண்ணினது யாரா இருந்தாலும் இன்னைக்கே போய் மன்னிப்புக் கேட்கணும்," என்றார்.

சொன்ன வேகத்தில் அடிவரியையும் படித்துவிட்டார். வேலை செய்யும் இடம்: சமையலறை.

கம்பெனியில் சமையலறை கிடையாது. அப்புறம்தான் எழுத்து கண்ணில் பட்டது. மளிகைச் சீட்டில் மாதாமாதம் பார்க்கிற, மனைவியின் எழுத்து. காலையில் பையை எடுத்துக் கையில் கொடுத்தவளும் அவள்தானே. ஓய்வு நாள் தவறாமல் பிரார்த்தனைக் கூட்டத்திலிருந்து பத்துப் பேரைச் சாப்பிடக் கூட்டிப்போவது அவர் வழக்கம். விடியுமுன் அடுப்பைப் பற்றவைப்பது அவள் வழக்கம்.

தொழிலாளிகள் நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். தையல்காரம்மாவுக்கு மட்டும் திடீரென்று இருமல் வந்தது. முதலாளி கனவில் எழுதுவதுபோல் கையெழுத்துப் போட்டார்.

நேரே வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்த்தார். மனைவியிடம் சீட்டை மட்டும் நீட்டினார். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"எல்லார் முன்னாடியும் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அப்ப சரி," என்று திரும்பிக்கொண்டாள்.

ஓய்வு நாளன்று அவரே சமைத்தார். உப்பு டப்பாவைத் தேடியே அரைமணி போயிற்று. அம்மா எங்கே என்று கேட்டவர்களுக்கு, லீவில் இருக்கிறாள் என்றார். வந்தவர்கள் பொய்யே சொல்லாத பக்திமான்கள். சாப்பாடு பிரமாதம் என்று அன்றைக்கு மட்டும் சொன்னார்கள்.

எல்லாரும் போனபின் அறைக்கதவை மெல்லத் திறந்தார். திரை வழியே வந்த வெளிச்சம் கட்டில்மேல் அசைந்துகொண்டிருந்தது. அவள் கால் நீட்டிப் படுத்திருந்தாள், கண் திறந்தபடி.

"தூங்கலையா?"

"வரமாட்டேங்குது. பகல்ல படுத்துப் பழக்கமில்ல."

அவர் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். முதல் வருஷம், மசக்கையோடு அவள் பன்னிரண்டு பேருக்குச் சமைத்தது. இரண்டாம் வருஷம், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே பரிமாறியது. மூன்றாம் வருஷம் வருவதற்குள் அவள் தூங்கிப்போனாள். மிச்சம் இருபதையும் அவர் தணிந்த குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தார்.