மேற்கே போன சாம்பல்

கலயத்தை மடியிலிருந்து இறக்கக் கலையரசிக்கு மனமில்லை. ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலில் வேன் நின்றதும் தம்பி மணிராஜ் கையை நீட்டினான்.

"குடுக்கா. பொம்பளைய இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்ததுக்கே ஊருல ஏசுவாங்க."

"ஏசட்டும். அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டுனது இந்தக் கைதாம்லே. பேசாம வா."

நேற்று அப்பா கருத்தையாவை எரித்து, இன்று காலை காடாற்றிச் சாம்பல் அள்ளிய கையோடு கிளம்பியிருந்தார்கள். ஊர் உலகமே சாம்பலைத் தூக்கிக்கொண்டு பாபநாசத்துக்கு வர, பாபநாசத்துக்காரரின் சாம்பல் வேன் ஏறிக் கிழக்கே போனதில் சித்தப்பாமார்களுக்கு ஏகக் கடுப்பு. ஆனால் கருத்தையா சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். அணையில் ஷட்டரைத் திறந்து மூடுவது அவர் வேலை. திறக்கும்போதெல்லாம் பாயும் தண்ணீரைப் பார்த்து, "கடல்ல சேந்ததும் ஒரு வார்த்தை சொல்லு," என்பார், மகளை பஸ் ஏற்றிவிடுகிறவர் மாதிரி. ஆயுசு முழுக்கத் தண்ணீரை அனுப்பிவைத்தவர், அது சேரும் இடத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. கடைசியில் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "என்னய அங்கன கொண்டு விட்டுரு தாயி," என்றார். அவளும் சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

இங்கே வந்து பார்த்தால் வள்ளங்கள் எல்லாம் மேட்டில் ஏற்றிக் கட்டிக் கிடந்தன.

"கள்ளக்கடல் எச்சரிக்கை வந்திருக்கு. இன்னைக்கு ஒரு வள்ளமும் எறங்காது," என்றார் வலை பிரித்துக்கொண்டிருந்த வள்ளக்காரர்.

மணிராஜ் அண்ணாந்து பார்த்தான். துடைத்துவைத்த மாதிரி வானம். "காத்தே இல்லியே அண்ணாச்சி?"

"இங்கன எதுக்குக் காத்து? தெக்க, பல ஆயிரம் மைலுக்கு அங்கிட்டு, பனிக்கடல் பக்கம் புயல் அடிச்சிருக்கு. அடிச்சும் நாளாச்சு. அது தள்ளிவிட்ட அலை இப்பத்தான் இங்க வந்து சேருது. சத்தங்காட்டாம வரும். அதான் கள்ளன்னு பேரு."

கலையரசி கடலைப் பார்த்தாள். அந்தப் புயல் கிளம்பிய அன்று அப்பா உயிரோடு இருந்திருப்பார். கஞ்சி வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்திருப்பார். அப்போதே அங்கிருந்து அலை புறப்பட்டுவிட்டது. நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

முகத்துவாரம் வரை போக வழியில்லை. சற்று உள்ளே தள்ளி, அலையாத்தி மரங்களின் ஓரமாக ஆற்றிலேயே விட்டுவிடச் சொல்லி வள்ளக்காரரும் கூட வந்தார்.

"கடல் ரெண்டு எட்டுதான. ஆறே இழுத்துட்டுப் போயிரும்," என்றான் மணிராஜ். ஆற்றுக்காரன் புத்தி வேறெப்படி இருக்கும்? தண்ணீர் ஒரே பக்கம்தான் போகும் என்று பிறந்ததிலிருந்து நம்புகிறவன். கலயத்தை வாங்கிக்கொண்டு முழங்காலளவு நீரில் இறங்கி, கடலுக்கு முதுகைக் காட்டி, மலை இருக்கும் மேற்கைப் பார்த்து நின்றான்.

"கடலப் பாத்து நில்லுங்க தம்பி!" என்று வள்ளக்காரர் கத்தினார்.

நுரையும் இல்லை, இரைச்சலும் இல்லை. ஆறு மொத்தமும் மூச்சை இழுத்தாற்போல உயர்ந்தது. மணிராஜின் காலை வாரியது. வள்ளக்காரர் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்துக் கரையேற்றுவதற்குள் கலயம் கைநழுவி, வாய்த்துணி அவிழ்ந்து, சாம்பல் தண்ணீரில் விரிந்தது. விரிந்த சாம்பல் மேற்கே நகர்ந்தது.

"யக்கா, அப்பா திரும்பிப் போறாருக்கா!" மணிராஜ் சின்னப் பிள்ளை போல அழுதான்.

கலையரசி கொடுத்த வாக்கு கண்ணெதிரே தப்பான பக்கம் போகிறது. ஆனால் அந்தப் பயத்தையும் மீறிய ஒன்று அவளை அசையவிடாமல் நிறுத்தியது. அப்பா அனுப்பிய தண்ணீரெல்லாம், இலையும் சருகும் ஆகாயத்தாமரையுமாக, சத்தமே இல்லாமல் மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. விருந்தாளியைத் தெருமுனை வரை வந்து அழைத்துப்போவார்களே, அப்படிக் கடலே உள்ளே வந்திருந்தது. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

போன் அடித்தது. அம்மா இசக்கித்தாய்.

"ஏட்டி, ஒங்கப்பாவக் கடல்ல சேத்தாச்சா?"

சாம்பல் அலையாத்தி வேர்களுக்கிடையே தயங்கி நின்றது. கலயம் ஒருமுறை தன்னைத்தானே சுற்றியது. பிறகு அதன் வாய் மெல்லக் கிழக்கே திரும்பியது.

"இரும்மா, சொல்லுதேன்," என்றாள் கலையரசி.