கார் வரட்டும்

ஹமீட் ஹாஜியாரைக் கெட்ட மனிதர் என்று சாய்ந்தமருதில் யாரும் சொல்லிவிட முடியாது. நெல் வாங்கி விற்கிற தொழிலில் இருந்துகொண்டு தராசில் கை வைக்காதவர். இல்லாதவன் வந்து நின்றால் வெறுங்கையோடு அனுப்பாதவர். ஆனால் அந்த வாய் இருக்கிறதே, அல்லாஹ்! தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை கெட்டால் தவளை மட்டும்தான் கெடும். ஹாஜியார் கெட்டபோது மகளையும் அல்லவா சேர்த்து இழுத்துக்கொண்டு போனார்.

மகள் பஸ்மிலாவுக்கு மருதமுனையில் மாப்பிள்ளை பேசினார்கள். பையன் அஹ்ஸன், நீர்ப்பாசன வேலையில் இருக்கிறவன், அடக்கமானவன். பையனின் வாப்பா ஜுனைட் அதைவிட அடக்கமானவர். பேச்சுக்கு வந்த அன்று கதிரையின் நுனியில் உட்கார்ந்துகொண்டு அவர் கேட்டது இவ்வளவுதான்.

"வீடு வாசல் இரிக்கி, அல்ஹம்துலில்லாஹ். பொடியன் வேலைக்குப் போய் வாறதுக்கு ஒரு வாகனம் இரிந்தா நல்லம் மச்சான். பழசெண்டாலும் பறவாயில்ல."

ஓம் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்திருக்கலாம். நல்ல நிலையிலுள்ள பழைய கார் கல்முனையில் எத்தனை வேண்டும்! ஆனால் முதல் நாள் மாலைதான் ஹாஜியார் தொலைபேசியில் ஒரு விளம்பரம் பார்த்திருந்தார். நாட்டுக்குப் புதிதாக வந்திறங்கப் போகிற மின்சாரக் கார். சத்தமில்லை, புகையில்லை, பெற்றோல் இல்லை. பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் பெற்றோல் போடுகிற ஷெட் வாசலில் தன் வியாபார வானுக்குள்ளேயே படுத்துக் கிடந்து முதுகு பிடித்துப்போன மனிதருக்கு அந்தக் கடைசிச் சொல் நெஞ்சுக்குள் போய்க் குந்திவிட்டது.

"பழசா?" என்றார். "என்ன மச்சான் கதைக்கிறீங்க! புதிசா ஒரு கரண்ட் கார் வருகுது. கல்முனைக்குள்ள ஆருட்டயும் இல்ல. அதத்தான் எண்ட மருமகனுக்குக் குடுப்பன்."

திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற சபூறா தலையில் கை வைத்தாள். கேட்காத ஒன்றைத் தானாக வாக்குக் கொடுக்கிற புருஷனை என்ன செய்வது?

அதோடு விட்டாரா? இல்லை. இந்தக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். வீடு மகளுக்கு என்றே கட்டினது. அவன் வந்தால் தாயும் தகப்பனும் பின்பக்கம் ஒதுங்கிக்கொள்வார்கள். பள்ளிவாசலில் காவின் எழுதினால் புருஷன் பெண்சாதி ஆகிவிட்டார்கள். அன்றைக்கே மாப்பிள்ளையைக் கூட்டி வருவதும் உண்டு, ஒரு வசதி பார்த்துச் சில நாள் கழித்துக் கூட்டி வருவதும் உண்டு. ஜுனைட் அன்றைக்கே கூட்டிப் போகச் சொன்னார்.

"நல்ல காரியத்தச் சுணக்கப்படாது மச்சான். பொடியனக் கூட்டிட்டுப் போங்க. கார் வாற நேரம் வரட்டும்."

"சேச்சே! எண்ட மருமகன் அந்தக் கார்லதான் எங்கட கடப்புக்குள்ள வரணும். ஊரு பாக்கணும். அடுத்த மாசம் வந்திரும் எண்டு கொம்பனிக்காரன் சொல்லிட்டான்."

காவின் எழுதியாயிற்று. மாப்பிள்ளை மருதமுனையில், பெண் சாய்ந்தமருதில். நடுவில் வராத கார்.

ஹாஜியார் சும்மா இருக்கவில்லை. முன்சுவரை உடைத்து, வீதியிலிருந்து வளவுக்குள் நுழைகிற கடப்பை அகலமாக்கினார். அம்பாறையிலிருந்து மின்வேலைக்காரரைக் கூட்டி வந்து, காருக்குச் சார்ஜ் ஏற்றுகிற பெட்டியைச் சுவரில் பூட்டினார். அது இரவும் பகலும் ஒரு பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு கிடந்தது. தானும் சபூறாவும் பின்பக்கத்து அறைக்கு மாறினார்கள். முன்வீட்டில் புதுக் கட்டிலின் பொலித்தீன் உறை கூடக் கழற்றப்படவில்லை. பஸ்மிலாவுக்கு எங்கே படுப்பது என்று தெரியவில்லை. முன்வீடு புருஷன் வந்தபிறகு இருக்கவேண்டியது, பின்னறை வாப்பாவும் உம்மாவும் இருக்கிறது. அவள் நடுவிலிருந்த சாப்பாட்டு அறையில் பாய் விரித்துக்கொண்டாள்.

முதல் மாதம் முடியும்போது கொழும்பு கொம்பனியில் விற்பனைக்குப் பொறுப்பாக இருந்த றிஸ்மிக்கு அழைத்தார். "கப்பல் வந்திட்டு ஹாஜி," என்றான் றிஸ்மி. மனிதருக்குத் தலைகால் தெரியவில்லை. அடுத்த முறை அழைத்தபோது, கார்கள் துறைமுகத்து வளவுக்குள் நிற்கின்றன, ஏதோ கடதாசிப் பிரச்சினை என்றான். அதற்கடுத்த முறை, வழக்குப் பேசுகிறார்கள் என்றான். பிறகு றிஸ்மி தொலைபேசியை எடுப்பதே குறைந்துபோனது. எடுத்தாலும் "இன்ஷா அல்லாஹ்" என்கிற ஒரு சொல்தான். ஹாஜியாருக்குக் கோபம் வரும். இன்ஷா அல்லாஹ் என்று சொல்கிறவனை எப்படித் திட்டுவது?

அந்த நாட்களில் அஹ்ஸன் ஒவ்வொரு இரவும் பஸ்மிலாவோடு கதைப்பான். ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் வந்தே விட்டான், கையில் ஐஸ்கிறீம் பெட்டியோடு. உள்ளே பஸ்மிலா சீப்பைத் தேடி ஓடினாள். ஹாஜியார் கடப்படியிலேயே அவனை மறித்தார். காவின் எழுதின பெண்சாதியைப் பார்க்க வந்த புருஷனை மறிக்கிற மாமனார் உலகத்தில் வேறு எங்கே கிடைப்பான்?

"தம்பி, குறை நினைக்காதீங்க. நாலு பேர் பாத்தா என்ன சொல்லுவாங்க? ஹமீட் ஹாஜியாரு கார் தாறன் எண்டு சொல்லிட்டு மருமகன சைக்கிள்ள எடுத்திட்டாரு எண்டுவாங்க. கொஞ்சம் பொறுங்க."

அஹ்ஸன் சிரித்தான். ஐஸ்கிறீமை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பினான். பஸ்மிலா தலைவாரி முடித்து வந்தபோது கடப்படியில் புழுதிதான் இருந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கல்முனைச் சந்தையில் இரும்புக்கடை வைத்திருந்த சீனிமுகம்மது ஹாஜியாரைக் கண்டால் விடமாட்டார். "என்ன ஹாஜி, ஒங்கட கார் நடந்தா வருகுது?" என்பார். "சார்ஜ் பெட்டி சும்மாதானே கிடக்கு, எண்ட போனயாவது கொழுவித் தாங்க," என்பார். ஹாஜியாரும் சிரிப்பார். சிரித்துவிட்டுத் தன் வானில் ஏறிக் கதவை அறைந்து சாத்துவார்.

மழை பிடித்தது, பெரும்போக விதைப்பு நடந்தது, நெல் குடலைப் பருவத்துக்கு வந்தது. கார் வரவில்லை. ஒரு நாள் பின்னறையில் சபூறா கதையைத் தொடங்கினாள்.

"மாப்பிள்ள புள்ளையோட கதைக்கிற இல்ல இப்ப."

"வேல கூடியிரிக்கும்."

"என்ன வேல? ஆறின கஞ்சி பழங்கஞ்சி எண்டு சொல்லுவாங்க. ஒங்களுக்கு விளங்குதா இல்லயா? ஒரு வான் புடிச்சி நாளைக்கே போய் மாப்பிள்ளயக் கூட்டிட்டு வாங்க."

அன்றிரவு ஹாஜியாருக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. விடிந்ததும் ஜுனைட்டுக்கு அழைத்து, கார் கிடக்கட்டும், இந்த வெள்ளிக்கிழமை வானிலேயே வந்து கூட்டிப் போகிறேன் என்றார்.

"கார் வரட்டும் மச்சான்," என்றார் ஜுனைட். "நீங்கதானே சொன்ன."

தன் சொல்லே திரும்பி வந்து கன்னத்தில் விழுந்தது போல இருந்தது ஹாஜியாருக்கு. ஆனாலும் பாருங்கள், அதிலும் ஒரு நிம்மதியைப் பிடித்துக்கொண்டார். காருக்காகத்தான் நிற்கிறார்கள், கார் வந்தால் எல்லாம் சரி. அதிலிருந்து ஐந்து நேரமும் தொழுது துஆக் கேட்டது ஒன்றைத்தான். சக்கராத்தில் உயிர் ஊசலாடிக் கிடக்கிற பிள்ளைக்குக் கேட்பது போல ஒரு காருக்குக் கேட்டார், பாவம்.

நோன்பும் பெருநாளும் கழிந்தபிறகு துஆ ஏற்கப்பட்டது. ஒரு வியாழக்கிழமை றிஸ்மியே அழைத்தான். கார் வெளியே வந்துவிட்டது, லொறியில் ஏற்றியாயிற்று, நாளை ஜும்ஆவுக்குப் பிறகு கல்முனையில் நிற்கும். ஹாஜியார் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு அழுதார். சபூறா ஓடிப்போய் அயலிலிருந்த மர்ஷூதாவிடம் சொன்னாள். மர்ஷூதாவிடம் சொன்னால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி. அன்று பின்னேரமே பெண்கள் வந்துவிட்டார்கள். வட்டிலப்பம் அவித்தார்கள், கட்டிலின் பொலித்தீனைக் கிழித்தார்கள், பஸ்மிலாவைப் பிடித்து இருத்தி மருதோன்றி வைத்தார்கள். அவள் கையை நீட்டிக்கொண்டு அவர்கள் சொன்னபடியெல்லாம் இருந்தாள். நல்ல பிள்ளை, வெட்கப்படுகிறது என்றார்கள்.

மறுநாள் கார் வந்தது. முத்து வெள்ளை. லொறியிலிருந்து இறங்கியபோது ஒரு முனகல் கூட இல்லை. பள்ளிவாசலிலிருந்து வந்த சனமெல்லாம் சுற்றி நின்றது. சீனிமுகம்மது கூடக் கண்ணாடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ்," என்றார், இந்த முறை பகிடி இல்லாமல். ஹாஜியார் புதுச் சாரமும் வெள்ளைச் சேர்ட்டும் அத்தரும் போட்டுக்கொண்டு, தனியாக ஓட்டிக்கொண்டு மருதமுனைக்குப் புறப்பட்டார். முன்னறிவிப்பு எதற்கு? கார் வாசலில் போய் நிற்கட்டும், அதைவிட என்ன சொல்ல வேண்டியிருக்கிறது என்று நினைத்தார்.

ஜுனைட் வாசலுக்கு வந்தார். காரைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"உள்ள வாங்க மச்சான்."

"உள்ள வாறதுக்கு நேரமில்ல. மாப்பிள்ளய வெளிக்கிடச் சொல்லுங்க. அங்க எல்லாரும் பாத்துட்டு நிக்கிறாங்க."

"அவன் வீட்டுல இல்ல." ஜுனைட் கையைப் பிசைந்தார். "மன்னிச்சிக்கங்க மச்சான். அவன் மாட்டனாம். கனநாளாச் சொல்லிட்டு இரிக்கான். எனக்குத்தான் ஒங்கட முகத்தப் பாத்துச் சொல்ல வாய் வரல்ல. கார் வரட்டும், கார் வரட்டும் எண்டு நாளக் கடத்தினன். அது வரவே வராது எண்டு நினைச்சன்."

"என்ன குறை எண்ட புள்ளையில?"

"ஒரு குறையும் இல்ல. அவள மாதிரி ஒரு புள்ள கிடைக்காது. மனம் விட்டுப் போச்சாம். வேலை செய்யிற இடத்துல இன்னொரு புள்ளையப் புடிச்சிரிக்காம் அவனுக்கு. காதியாரிட்டப் போய்த் தலாக் எழுதி முடிப்பம் மச்சான், புள்ளைய இனியும் கட்டி வைக்கப்படாது."

ஹாஜியார் சண்டை பிடிக்கவில்லை. பிடிக்க ஆள் யார்? கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற இந்த மனிதரையா? திரும்பி வந்து காருக்குள் ஏறினார். கல்முனைச் சந்தியில் ஆட்கள் வீதி கடக்கிற மஞ்சள் கோட்டில் நின்ற பொலிஸ்காரர் காரைப் பார்த்துச் சிரித்துக் கையைக் காட்டினார். ஹாஜியாரும் கையைக் காட்டினார்.

வீதிக்குள் கார் நுழைந்ததை யாரும் கேட்கவில்லை. மர்ஷூதாதான் முதலில் கண்டாள். கண்டதும் நாக்கைச் சுழற்றிக் குரவையிட்டாள். கூடி நின்ற பெண்கள் எல்லோரும் சேர்ந்து இட்டார்கள். குரவைக்கு நடுவால் கார் கடப்புக்குள் வந்து நின்றது. ஒரு பக்கக் கதவு திறந்தது. ஹாஜியார் இறங்கினார். மற்றக் கதவைப் பார்த்துக்கொண்டு பெண்கள் இன்னும் கொஞ்சம் குரவையிட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசியாக நிறுத்தினவள் சின்னப் பெண் ஒருத்தி, அவளுக்கு யாரோ வாயைப் பொத்தினார்கள்.

சபூறா புருஷனின் முகத்தைப் பார்த்தாள், அப்படியே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மர்ஷூதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பெண்களை வெளியே கூட்டிப் போனாள்.

பஸ்மிலா வாசலுக்கு வந்தாள். கல்யாணச் சேலை, கையெல்லாம் சிவப்பு. அவள் அழவில்லை. அதுதான் ஹாஜியாரைக் கொன்றது.

"ஒனக்குத் தெரியுமா மகள்?" என்று கேட்டார்.

"ஓம் வாப்பா. நோன்புக்கு முந்தியே எனக்கிட்டச் சொல்லிட்டாரு."

"மறுகா ஏன் புள்ள நீ சொல்லல்ல?"

அவள் காரைப் பார்த்தாள். புதுக் காரின் வாசனை திறந்த கதவு வழியாக வந்துகொண்டிருந்தது.

"இதுவரைக்கும் ஊருல கேட்டவங்களுக்கெல்லாம் கார் இன்னம் வரல்ல எண்டு சொன்னன் வாப்பா. எல்லாரும் நம்பினாங்க. நீங்களும் நம்பினீங்க. அது வராமலே கிடந்திருக்கலாம்." மருதோன்றிக் கையால் கார்க் கதவைச் சாத்தினாள். "நாளைக்குக் கேட்டா நான் என்ன வாப்பா சொல்ற?"