கண்ணை மூடிக் கடல் கேட்டவர்கள்

"கடலைக் கண்டா உனக்குப் பயமே கிடையாதாடி?" என்று அக்கா ஒருமுறை கேட்டபோது தங்கை சிரித்து மழுப்பினாள். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் ஊர்க்காரர்களைப் பாறைக்கரைக்கு அழைத்துப்போய் நண்டும் பாசியும் காட்டுவாள்.

அன்று எல்லோரையும் பாறைகளில் உட்காரவைத்து, "நான் சொல்ற வரைக்கும் கண்ணைத் திறக்காதீங்க, கடலைக் காதால பாருங்க," என்றாள்.

"தூங்கிட்டா எழுப்பிவிடும்மா," என்றார் ஒரு பெரியவர். சிரித்தவர்கள் எல்லோரும் கண் திறந்துவிட்டார்கள். பேச்சு வளர்ந்தது, தண்ணீரும் ஏறியது.

கிளம்பும்போது, "என் பொண்ணு எங்க?" என்று ஒரு தாய் அலறினாள். கூட்டிவந்தவள் பாறை பாறையாகத் தாவி ஓடினாள். கடைசிப் பாறைக்குப் பின்னால், மார்பளவுத் தண்ணீரில், கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தது குழந்தை.

"அக்கா, இப்பத் திறக்கலாமா?"

பின்னாலேயே வந்த தாய் மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.