எட்டாவது பாட்டின் ஏழு விநாடி

மைத்துனனின் முன்பற்கள் இரண்டை லேத்காரர் உடைத்தது ஒரு விடுமுறை நாள் மத்தியானம், சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். அவரைக் கோபக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. பட்டறையில் பக்கத்து மெஷின்காரன் வாய்க்கு வந்தபடி பேசினாலும் தலை நிமிராமல் இரும்பைக் கடைந்துகொண்டிருப்பவர்.

மைத்துனன் அவர் மனைவியின் ஒரே தம்பி. வாரப் பத்திரிகை ஒன்றில் இசையைப் பற்றி எழுதுகிறவன். அக்கா வீட்டுக்கு வந்தால் இசைத்தட்டு ஒன்றும், அதைப் பற்றி அரை மணி நேரப் பேச்சும் கொண்டுவருவான். அன்று கொண்டுவந்தது பழைய ராக் ஆல்பம் ஒன்று. அது ஏன் இத்தனை பெரிதாகக் கொண்டாடப்படுகிறது என்று கட்டுரையே எழுதி முடித்திருந்தான்.

"கேளுக்கா. டிரம்ஸ் ஏழு எண்ணிக்கையில போகும், கிடார் நாலுல போகும். அதுக்கு முன்னாடி ராக்ல யாரும் ஒரு ஆல்பம் முழுக்க இப்படித் துணிஞ்சதில்ல. கடைசிப் பாட்டுல, வேற யாரா இருந்தாலும் தொண்டை கிழியக் கத்துற இடத்துல இவங்க கையைக் கட்டிட்டு நின்னுட்டாங்க. ஏழு விநாடி சத்தமே கிடையாது."

"சத்தம் போடாததுக்கா இவ்வளவு சத்தம் போடுற?" என்றாள் அக்கா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவன் சிரித்துக்கொண்டே அந்தக் கடைசி, எட்டாவது பாட்டின்மேல் ஊசியை வைத்தான்.

லேத்காரர் குளியலறையில் சவரம் செய்துகொண்டிருந்தார். பேஸ் கிடாரின் முதல் அதிர்வு சுவர் வழியாக வந்ததுமே இடப்பக்க விலா வலித்தது. ஒரு கன்னத்தில் நுரையோடு வெளியே வந்தார்.

"நிறுத்து."

"ஒரு நிமிஷம் மாமா, முக்கியமான இடமே இனிமேதான்..."

முதல் குத்து வாயில் விழுந்தது. இரண்டாவது குத்தில் பல் உடைந்து அவர் விரல் முட்டியும் கிழிந்தது. மைத்துனன் ஒன்றும் பூனைக்குட்டி அல்ல. விழுந்த வேகத்தில் எழுந்து முக்காலியைத் தூக்கி அவர் தோளில் இறக்கினான். இருவரும் கட்டிப் புரண்டதில் மேஜை சாய்ந்தது, கண்ணாடித் தம்ளர்கள் நொறுங்கின. அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள், சட்டைதான் கிழிந்தது. அலமாரியின் மேல்தட்டில் இருந்த இசைத்தட்டுப் பெட்டி அது பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருந்தது. லேத்காரர் மைத்துனனின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, இரும்பு பிடித்துப் பழகிய இரண்டு கைகளாலும் கழுத்தை நெரித்தார். அவன் முகம் கறுத்துக்கொண்டு வந்தது.

சட்டென்று பாட்டு நின்றது.

அவர் கைகள் தாமாகவே தளர்ந்தன. பக்கத்துச் சுவர் பக்கம் திரும்பி, அடங்கிய குரலில், "இருக்கேன். நீ?" என்றார். பதிலுக்குக் காத்திருப்பவர் மாதிரி காதைச் சாய்த்தார். பிறகு கிடார் அலறிக்கொண்டு திரும்பி வந்தது. அக்கா ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினாள்.

மைத்துனன் இருமி இருமி ரத்தம் துப்பினான். அவனுக்குக் கோபம் போய்ப் பயம் வந்திருந்தது. "யார்கிட்ட மாமா பேசினீங்க?"

தரையில் உட்கார்ந்தபடியே அவர் சொன்னார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது போலீஸ்காரர்கள் பதினாறு நாள் அவரை உள்ளே வைத்திருந்தார்கள். 'யூனியன் கேசுக்குப் பயந்து ஊர்ல சொந்தக்காரங்க வீட்டுல இருந்தேன்' என்றுதான் பிறகு கல்யாணத்தின்போது சொல்லியிருந்தார். ஜன்னலில்லாத அறை. கம்பி வலைக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கர். தூங்கவிடாமலிருக்க ஒரே ஆல்பத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். எட்டுப் பாட்டு, நாற்பத்தொரு நிமிடம். மூன்றாவது பாட்டில் பாடகன் கத்தத் தொடங்கும்போது இரண்டு பேர் ரப்பர் குழாயோடு வருவார்கள். இவர் கத்துவது அவன் கத்தலில் அமுங்கிப்போகும். அவர்களில் மோதிரம் போட்டிருந்தவன் விலாவைத்தான் தேடித் தேடி அடிப்பான்.

"பைத்தியம் பிடிக்காம இருக்க, மெஷின் சத்தத்தைப் பிரிச்சுக் கேக்குற மாதிரி அதைப் பிரிச்சேன்டா. டிரம்ஸ் தனியா, கிடார் தனியா. நீ ஏழும் நாலும்னு சொல்ற, சரிதான். ஆனா ஒண்ணை ஒண்ணு கண்டுக்காமப் போறதில்ல. இருபத்தெட்டுக்கு ஒரு தடவை ரெண்டும் ஒரே இடத்துல வந்து விழும். அடி வாங்குறப்ப அந்த இருபத்தெட்டைத்தான் எண்ணுவேன். வந்துடும்னு தெரியும். வந்துடும்."

"அந்த ஏழு விநாடி?"

"பக்கத்து அறையில ஒருத்தன் இருந்தான். அப்ப மட்டும்தான் ஒருத்தர் குரல் ஒருத்தருக்குக் கேட்கும். இருக்கியான்னு கேப்பான். இருக்கேன், நீன்னு கேப்பேன். பேர் கேக்க நேரம் பத்தாது. பன்னிரண்டாம் நாள் அவன் கேக்கல. நான் கேட்டேன், பதில் இல்ல. அடுத்த சுத்துலயும் இல்ல."

மனைவி உடைந்த கண்ணாடிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள். "உங்ககிட்ட என்ன கேட்டு அடிச்சாங்க?"

"செயலாளர் எங்க ஒளிஞ்சிருக்கார்னு."

"சொன்னீங்களா?"

கிழிந்த விரல் முட்டியைத் துடைத்துக்கொண்டே, "பன்னிரண்டாம் நாள் சொன்னேன்," என்றார்.

சங்கச் செயலாளரை அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். காலை முறித்துத்தான் அவரை வெளியே விட்டார்கள். பத்தொன்பது வருஷமாகக் கட்டையூன்றி நடக்கிறார். பட்டறைக்குப் போகும் வழியில்தான் அவர் வீடு; பார்த்தால் லேத்காரரிடம் நின்று நலம் விசாரிப்பார்.

மைத்துனன் வீங்கிய வாயோடு சொன்னான். "இத எழுதமாட்டேன் மாமா. என் கட்டுரையையும் கிழிச்சுடுறேன். அதுல ஒண்ணுமே இல்ல."

"கிழிக்காதே. அவனுங்க அதை எதுக்குப் போட்டானுங்களோ, போட்டுட்டுப் போகட்டும். பாட்டைச் செஞ்சவங்க நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. அந்த இருபத்தெட்டை மட்டும் சேர்த்துக்க."

மறுநாள் காலை மனைவிதான் அவரைச் செயலாளர் வீட்டுக்குக் கிளப்பினாள். "நான் கூட வர்றேன். ஆனா நீங்கதான் வாயைத் திறக்கணும்." செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்தபடி, குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு கட்டையை எடுத்து, ஓங்கி, லேத்காரரின் முழங்காலில் ஒன்று வைத்தார். இவர் தடுக்கவில்லை. விழுந்து, சுவரைப் பிடித்து எழுந்தார்.

"ரெண்டு பேரும் போங்க," என்றார் செயலாளர். "இந்தத் தெரு வழியா இனிமே போகாதே."

லேத்காரர் அதற்குப் பிறகு பட்டறைக்கு ஆற்றங்கரை வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போகிறார். கால் மணி நேரம் கூடுதல். முழங்கால் வீக்கம் வடிய இருபது நாள் ஆயிற்று. அந்த இருபது நாளும் மனைவி வாசல்வரை வந்து, அவர் நொண்டி நொண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.