தாயம்மாள் குளித்த தண்ணீர்

ஐம்பத்து மூன்றாம் வருஷத்து மழைக்காலத்தில், தாயம்மாள் குளித்த தண்ணீர் அவள் கணவர் அகுஸ்தேனைத் தேடி வீட்டை விட்டுக் கிளம்பியது. சைகோனிலிருந்து சீனர் பேட்டையான ஷோலோன் போகும் சாலையோர வீட்டில் புறப்பட்டு, சைக்ளோ ரிக்‌ஷாக்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு, பெரிய சந்தையைச் சுற்றிக்கொண்டு, ஆற்றங்கரையில் அவர் குமாஸ்தாவாக இருந்த பிரெஞ்சுக் கப்பல் கம்பெனிக்குப் போய்ப் படியேறி, மேசைக்கடியில் அவருடைய சப்பாத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. மஞ்சளும் பயத்தமாவும் கலந்த தண்ணீர். அந்த வாரம் அரிசி விலை ஏறியிருந்ததால் தெருவில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

கோளாறு குளிக்கும் அறையின் தரையில்தான். அகுஸ்தேன் பிறந்த காரைக்காலில் கொல்லையில் ஒரு கல்லைப் போட்டு அதன்மேல் நின்று குளிப்பார்கள், தண்ணீர் வாழைக்குப் போய்விடும். சைகோன்காரர்கள் அறை முழுக்க நனையட்டும் என்றே டைல்ஸ் ஒட்டுவார்கள். வாசல் பக்கம் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தால் அது தானாக உருண்டுபோய் மூலை ஓட்டையில் நிற்கவேண்டும், அப்படி வாட்டம் இருந்தால்தான் கொத்தனாருக்கு மரியாதை. பிரான்சில் தரை நனையவே கூடாதாம். தொட்டிக்குள் உட்கார்ந்து குளித்து, அதற்குள்ளேயே துவட்டிக்கொண்டு வெளியே வந்துவிடவேண்டுமாம். ஓட்டை வைத்த தரை குதிரை லாயத்துக்குத்தான் என்று மேலதிகாரி முசியே தூமோன் ஒரு விருந்தில் சொல்லிச் சிரித்தார். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய வம்சம் என்று சொல்லிக்கொள்ளும் அகுஸ்தேனும் கூடச் சிரித்தார், அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. வீட்டு ஓட்டையை அடைத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, மயிரிழை வாட்டம்கூட இல்லாமல் வெள்ளை டைல்ஸ் ஒட்டச் சொன்னார். ஓரத்தில் ஒரு தொட்டியும் வந்து உட்கார்ந்தது. தாயம்மாள் அதில் இறங்கவில்லை. "சொந்த அழுக்குலயே ஊறிக்கிட்டு கெடக்க நான் என்ன எருமையா?" என்று கேட்டுவிட்டுத் தரையில் நின்று செம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டாள். போக வழியில்லாத தண்ணீர், வழியை அடைத்தவரிடமே போனது.

"ஏ தாயம்மா, ஒம் மாப்புள்ள சோத்தை மறந்துட்டுப் போனா அந்தத் தண்ணிகிட்டயே குடுத்தனுப்பிடேன்" என்று அடுத்த வீட்டு ஜெய்த்தூன் பீவி கேலி செய்தாள். அகுஸ்தேனுக்கு அது கேலியாக இல்லை. ஆபீசில் கேட்டவர்களிடம் கூரை ஒழுகுகிறது என்றார், துணி வைத்துத் துடைத்தார், காலை நாற்காலிமேல் மடக்கி வைத்துக்கொண்டு எழுதினார். ஒருநாள் முசியே தூமோன் மேசையருகே நின்று மஞ்சள் தண்ணீரைப் பார்த்து, இது யாருடையது என்று கேட்டார். அகுஸ்தேன் எழுந்து நின்று, "வீட்டு வேலைக்காரி குளிச்சது, முசியே. எவ்வளவு சொன்னாலும் தொட்டியில எறங்க மாட்டேங்குறா" என்றார். தண்ணீர் அவர் சப்பாத்தை விட்டு நகர்ந்து, படியிறங்கி வீட்டுக்குத் திரும்பிப்போய், நடந்ததைச் சொன்னது. அன்று ராத்திரி தாயம்மாள் சோறு போட்டுக்கொண்டே, "நாளையிலேர்ந்து வேலைக்காரி பக்கத்து வூட்டுல குளிச்சுக்குவா" என்றாள்.

ஜெய்த்தூன் பீவி வீட்டுத் தரையில் வாட்டமும் ஓட்டையும் இருந்தன. தண்ணீர் அங்கேயே இறங்கிவிட்டது. அதன்பின் அகுஸ்தேனின் மேசைக்கடி காய்ந்தே கிடந்தது, முசியே தூமோன் அவரைப் பார்த்து மெச்சித் தலையசைத்தார். ஆனால் தினமும் காலையில் தன் பெண்டாட்டி செம்பும் துண்டுமாக அடுத்த வீட்டுக்குக் குளிக்கப் போவதை அவர் பார்க்கவேண்டியிருந்தது. பார்க்காமல் சுவரைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்க வாய் வராமல் பிரான்சிலிருந்து வரும் மர்செய் சோப்பு வாங்கி வந்தார். அவள் அதில் துணி துவைத்தாள்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஏப்ரல் கடைசியில் ஊருக்குள்ளேயே அரசாங்கப் படைக்கும் ஒரு கலகப் படைக்கும் சண்டை மூண்டது. ஷோலோன் பக்கம் பீரங்கி வெடித்துத் தெருத்தெருவாகத் தீப்பிடித்தது. சாலையை அடைத்துவிட்டார்கள். ஆபீசில் மாட்டிக்கொண்ட அகுஸ்தேன், மூட்டையோடு ஆபீசுக்குப் பக்கத்துப் பள்ளிவாசலுக்கு வந்து சேர்ந்த ஜெய்த்தூன் பீவியைத் தேடிப்போய் விசாரித்தார். "வாடின்னு கூப்புட்டேன், வரல. கூரையில நெருப்பு வுழுந்தா யாரு அணைக்கிறதுன்னு நின்னுட்டா. எங்க வூடு போச்சு, தம்பி. ஒங்க வூடு என்னாச்சுன்னு எனக்குத் தெரியல" என்றாள். அகுஸ்தேன் திரும்பி வந்து மேசைக்கடியில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். துணி போட்டுத் துடைத்த அதே தரை. அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரிந்தது. அவள் உயிரோடு இருந்தாலும், அவர் ஓட்டையை அடைத்த தரையில் நின்று அவருக்காக ஏன் குளிக்கவேண்டும் என்று நினைத்தபோது அவரால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

புகை அடங்கின பிறகு ஒரு காலையில் தண்ணீர் வந்தது. சாம்பலும் கரியுமாக, கறுப்பாக, படியேறி வந்தது. அடுத்த வீடு எரிந்துவிட்டதால் அவளுக்கு வேறு இடமில்லை. "உங்கள் வேலைக்காரி பிழைத்துக்கொண்டாள் போலிருக்கிறதே" என்றார் முசியே தூமோன்.

"வேலைக்காரி இல்ல, முசியே. என் சம்சாரம். அன்னிக்கி நான் சொன்னது பொய்."

முசியே தூமோன் தன் காலைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு, அரிசிக் கப்பலின் ரசீது எங்கே என்று கேட்டார். அகுஸ்தேன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலை நீட்டினார். தண்ணீர் ஒரு சாண் தள்ளி நின்றது. அவர் காலை முன்னே வைத்தார், அது அதே அளவு பின்னே போனது.

தரையை உடைத்து ஓட்டை வைத்துவிடுகிறேன் என்று சாலை திறந்ததும் வீட்டுக்கு வந்து சொன்னார். தாயம்மாள் கூரைக்கு ஓலை முடைந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. "வேணாங்க. அது பாட்டுக்கு வரட்டும். தொடுறதும் தொடாததும் அதோட இஷ்டம்" என்றாள்.

அடுத்த வருஷம் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறினார்கள், கம்பெனி வியட்நாம்காரர் கைக்குப் போனது. புதிய மேனேஜர் முதல் நாள் வந்து, வெறுங்காலோடு எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவையும், ஒரு சாண் தள்ளி நின்ற மஞ்சள் தண்ணீரையும் பார்த்தார். அலமாரியின் கீழ்த் தட்டுக் காகிதங்களை நனையாதபடி மேல் தட்டுக்கு மாற்றச் சொல்லிவிட்டு, அரிசி இன்றைக்கு என்ன விலை என்று விசாரித்தார்.