சம்பந்தி வீட்டு வஞ்சிரம்

மீனைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டு சாப்பிட வேண்டும் என்று என் தம்பி பிரசன்னா குரோம்பேட்டையிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தான். நான் கடல் உயிரியல் ஆய்வாளர். படகில் வரும் மீன்களை இனம் பிரித்துப் பெயர் எழுதுவது என் வேலை. அம்மா, அப்பா போன பிறகு அவனுக்காகப் பெண் பேச அக்கா என்னை விட்டால் ஆள் இல்லை.

மாடம்பாக்கத்தில் பெண் ஜோவிதாவின் வீட்டில் பேச்சு நல்லபடியாக முடிந்தது. சாப்பிட்டுவிட்டுத் தேதி குறிக்கலாம் என்றார் அவள் அப்பா சம்பத். அவள் அம்மா பேபி ஆன்ட்டி என் தட்டில் ஒரு பெரிய வறுவல் துண்டை வைத்தார்.

"வஞ்சிரம்மா. உங்களுக்குன்னே அங்கிள் காலைல போய் வாங்கினு வந்தாரு."

பாழாய்ப்போன விரல் தன் பாட்டுக்கு மசாலாவை வழித்துத் தோலைத் தடவியது. சுத்தம் செய்தபோது தப்பிய செதில் ஒன்று தட்டுப்பட்டது.

"வஞ்சிரம் தோல் வழவழன்னு இருக்கும் ஆன்ட்டி. இது சீலா!"

ஆய்வகத்தில் பக்கத்து மேஜைக்குச் சொல்வதுபோல அவ்வளவு உற்சாகமாகச் சொன்னேன். பேபி ஆன்ட்டி கணவரைப் பார்த்தார். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. வஞ்சிரத்தைவிட விலை குறைந்த சீலாவைத் தெரிந்தேதான் வாங்கியிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது.

பிரசன்னா சிரித்தான். "இவளுக்கு என்ன அங்கிள் தெரியும்? நாள் பூரா செத்த மீனோட உக்காந்து மூளை கெட்டுப்போச்சு. அதான் இவ்ளோ வயசாகியும் ஒருத்தனும் திரும்பிப் பாக்கல."

சமையலறை வாசலில் ஜோவிதா நின்றிருந்தாள். எனக்கு அழுகை முட்டியது. ஆனால் இது அவன் கல்யாணம். மீன் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் அறிக்கையைத் திருப்பி அனுப்புகிற நான், "தப்பா சொல்லிட்டேன் ஆன்ட்டி. வஞ்சிரம்தான்" என்றேன்.

சம்பத் அங்கிள் தட்டைத் தள்ளிவைத்தார்.

"இல்லம்மா ஜெரூஷா. நீ சொன்னதுதான் சரி. இவகிட்டகூட நான்தான் வஞ்சிரம்னு பொய் சொன்னேன்." பிறகு பிரசன்னாவைப் பார்க்காமலே கேட்டார். "தம்பி வூட்லயும் உன்கிட்ட இப்படித்தான் பேசுவாரா?"

பிரசன்னா முகம் வெளிறிப்போய் என்னைப் பார்த்தான். இல்லை என்று சொன்னால் போதும், தேதி குறித்துவிடலாம். ஜோவிதாவும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.